இடது பக்கப் பின்கதவு

"அன்புள்ள" என்று தொடங்கட்டுமா என்று பாப்பா கேட்டாள். வேண்டாம் என்றேன். "வேற இன்னா எழுதுறதும்மா?" என்றாள். ஒன்றும் எழுதாமல் நேராக விஷயத்துக்கு வா என்றேன். வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை லாரி அனுப்பாதே. அனுப்பினால் காலியாகத்தான் திரும்பும். நைனா வண்டி உன் கல்யாணத்துக்கு வருமா வராதா என்பது இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிற புத்தி உனக்கு உண்டு. சின்ன வயதில் புத்தகத்தின் பின்னால் விடையைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கே போடுவாய். இந்தத் தடவை அப்படிச் செய்யாதே. நடுவில் இருப்பதைப் படிக்காவிட்டால் கடைசியில் இருப்பது உனக்கு விளங்காது.

சொல்வது நான். எழுதுவது உன் தங்கை. எனக்குக் கையெழுத்துப் போடுவதோடு சரி. நான் பேசுகிறபடியே எழுதினால் நன்றாக இருக்காது என்று, புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றி மாற்றி எழுதுகிறாள். நடுநடுவே பேனாவை வைத்துவிட்டு "இது வேணாம்மா" என்கிறாள். எழுதுடி என்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததும், "யம்மா, ஷிப்டுல இருக்கேன், அப்பறமா பேசு" என்று வைத்துவிடுகிறாய். உன் ஷிப்டு எப்போதுதான் முடிகிறது என்று உன் கம்பெனிக்காரனைத்தான் கேட்க வேண்டும். கடிதத்தை அப்படி வெட்டிவிட முடியாது. மடித்து வைக்கலாம். மடித்து வைத்தாலும் உள்ளே அப்படியே இருக்கும். இதை ஒளித்துப் படிக்கவும் வேண்டாம். உன்னோடு தங்கியிருக்கிற பசங்களும் படிக்கட்டும்.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். "யம்மா, ஞாயித்துக்கெழம காத்தால லாரி வரும், நைனா வண்டிய ஏத்தி உட்ரு. மெட்ராஸ்ல ஒரு ஷெட்டு பாத்து வெச்சிக்கிறேன். அந்தச் செவப்ப எல்லாம் சொரண்டிப் போட்டுட்டு, பழையபடி கிரீம் கலர் அடிச்சி, நேரா மண்டபத்துக்குக் கொண்டாந்துருவாங்க. பொண்ணு ஊட்ல எல்லாரும் அந்த வண்டியப் பத்தியேதான் பேசிக்கினு இருக்காங்க. அந்த ஊமகிட்ட சாவிய வாங்கி வெய்யி." இப்படிச் சொல்லியிருக்கிறாய். அந்தச் செய்தியைத் திறந்து என் காதில் வைத்தது யார் என்று நினைக்கிறாய்? எனக்கு அந்தப் போனில் அதைத் திறக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். நீ ஊமை என்கிற பாப்பாதான் திறந்து கொடுப்பாள் என்றும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாய். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, போனைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அந்த வண்டியைப் பற்றி நீ மணவாள நகர்ப் பெண் வீட்டாரிடம் என்ன கதை அளந்தாயோ. எனக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறேன். தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மேனேஜராக இருந்தவர் மாற்றலாகி வடக்கே போகும்போது வீட்டுச் சாமான்களை எல்லாம் விற்றார். உன் நைனா பீரோ வாங்கத்தான் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் கிரீம் கலர் பத்மினி காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே உன் சித்தப்பா காலி டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். "பீரோ எங்க?" என்றேன். "இதுலயும் கதவு இருக்குது, பூட்டு இருக்குது. புடவைய இதுல வெச்சிக்க" என்றார். நம் வீட்டுக்கு வந்த முதல் கார் அப்படித்தான் வந்தது. நம் தெருவுக்கே அதுதான் முதல். எனக்கு இன்றுவரை பீரோ வரவில்லை.

அவருக்கு வண்டி ஓட்ட வரும், பின்னால் எடுக்க மட்டும் வராது. ரிவர்ஸ் போடும்போதெல்லாம் வண்டி அவர் நினைத்ததற்கு எதிர்ப்பக்கமாகப் போகும். அதனால் எங்கே கிளம்பினாலும், பின்னால் எடுக்காமல் திரும்பி வர வழி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவார். நம் தெருவுக்கு வந்தாலும் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் வாசலில் நிறுத்துவார். ஆரம்பாக்கம் முழுக்க அவரைப் 'பிரதட்சணம்' என்றுதான் கூப்பிட்டார்கள். உனக்கு ஆறு வயது இருக்கும்போது சூலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தோம். வீட்டில் இறங்கினதும் ஒரு கால் செருப்பைக் காணோம் என்று அழுதாய். ஜன்னல் வழியாகக் கால் நீட்டிக்கொண்டு வந்தாய், ரோட்டில் விழுந்திருக்கும் என்று எல்லாரும் சொன்னோம். நீ அழுகையை நிறுத்தவில்லை. அவர் உன்னை முன்சீட்டில் நிற்க வைத்துக்கொண்டு, மறுபடியும் சூலூர்பேட்டை வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து போய், அங்கே ஒரு பெட்ரோல் பங்கைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். செருப்புக் கிடைக்கவில்லை. "ஆந்திராக்காரன் ஒரு கால்ல போட்டுக்கினு போய்ட்டான்டா" என்று சொல்லி உன்னைச் சிரிக்க வைத்தார். அது உனக்கு நினைவிருக்காது.

இது நினைவிருக்கும். கும்மிடிப்பூண்டி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், கேட்டுக்கு நேராக நிறுத்தி ஹாரன் அடித்தால்தான் இறங்குவேன் என்பாய். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் அவரும் அடிப்பார். பெரிய வகுப்புக்குப் போனதும், "முன்னாடியே நிறுத்து நைனா, நடந்து போய்க்கிறேன்" என்றாய். வண்டி அதற்குள் கிழண்டு, புகை கக்க ஆரம்பித்திருந்தது. அவர் திருப்பத்திலேயே நிறுத்தி, நீ கேட்டுக்குள் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வருவார். என்னிடம், "அவனுக்கு நடக்கப் புடிக்குது" என்றார். அவருக்குப் புரியவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். இப்போது பழைய கார் என்றால் ஊரெல்லாம் வாய் பிளக்கிறது, கூடவே உனக்கும் பாசம் பொங்குகிறது. உன் பாசத்துக்கும் ஒரு சீசன் இருக்கிறது, மாம்பழத்துக்கு இருப்பது போல.

நைனா படுக்கையில் விழுந்த வருஷம் வீட்டில் எலி புகுந்துவிட்டது. அவரைப் பார்ப்பேனா, நெல்லுக் குதிரைப் பார்ப்பேனா? விதை நெல்லை எங்கே வைப்பது என்று திகைத்து நின்றபோது, கதவும் பூட்டும் இருக்கிறது என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கொட்டகையில் நின்ற வண்டிக்குள் மூட்டைகளை ஏற்றிப் பூட்டினேன். அவர் போய், காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் கிரேன் வைத்த லாரி ஒன்று வந்து கொட்டகைக்கு முன்னால் நின்றது. என்னவென்று கேட்டால், உன் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறது. இரும்பை உருக்குகிற கம்பெனியில் பழைய இரும்பு யார்டுக்கு சூப்பர்வைசர் என்றால், முதலில் அப்பன் வண்டியைத்தான் உருக்கப் போட வேண்டும் என்று யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்களில் ஒருவன் பின்பக்கத்து இடது கதவில் கொக்கியை மாட்டி இழுத்தான். கதவு கோணிக்கொண்டது. உள்ளே ஒரு மூட்டை கிழிந்து, கதவு இடுக்கு வழியாக நெல் பொலபொலவென்று கொட்டியது.

கிரேன்காரர் உடனே நிறுத்திவிட்டார். "இன்னாமா இது, நெல்லு கொட்டுது?" என்றார். விதை நெல் என்றேன். அந்த மனுஷன் கீழே குதித்துச் செருப்பைக் கழற்றிவிட்டார். "அய்யய்யோ, ஆள வுடுமா. எங்க ஊட்லயும் பயிர் வெக்கிறாங்க. வெத நெல்ல வாசல் தாண்டித் தூக்கினு போன பாவம் எனக்கு வேணாம். எறக்கி வெச்சிட்டுச் சொல்லு, வர்றேன்" என்றார். விதைக்கிற நாளைத் தவிர வேறு நாளில் விதை நெல் வாசல் தாண்டாது என்பது நம் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை, இந்தப் பக்கம் பயிர் வைக்கிற எல்லார் வீட்டு வழக்கமும். உனக்கு மட்டும்தான் அது தெரியாது. "ஒரு போகத்து வெத எறங்கினா அடுத்த போகத்து வெத ஏறும். நீ எப்ப வந்தாலும் உள்ள நெல்லு இருக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நீ போன் போட்டு, "பைத்தியமா உனக்கு? இரும்பு வெலை ஏறிக்கினு கீது, துருப் புடிச்ச வண்டிய வெச்சிக்கினு பூஜை பண்றியா?" என்று கத்தினாய். பாப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. சேற்றில் விழுந்த நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றையிலிருந்து சில வருஷம் அந்த வண்டியில் நெல் இல்லாத நாளே இல்லை. உன் லாரிக்குப் பயந்துதான் நிரப்பினேன். நிரப்புவதையும் ஒழுங்காகச் செய்வோம் என்று, குதிருக்கு மெழுகுவது போல வண்டியின் தரையைச் சாணி கரைத்து மெழுகினேன். போகத்துக்குப் போகம் மெழுகினேன். மண்ணுக்கு நல்லது தகரத்துக்கு ஆகாது என்று என் புத்திக்கு எட்டவில்லை. ஒரு மழைக்காலத்தில் கோணிய கதவு வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழே சிந்திக் கிடந்த நெல் எல்லாம் முளைத்து, பின்சீட்டுக்கு அடியில் நாற்றங்கால் மாதிரிப் பச்சையாக நின்றது. மாடு ஜன்னலுக்குள் தலையை விட்டு அதைத் தின்றது. உன்னிடமிருந்து வண்டியைக் காப்பாற்றினேன். என்னிடமிருந்து காப்பாற்ற ஆள் இல்லை.

இனிமேல் வருவதை எழுத மாட்டேன் என்கிறாள். பேனாவை மூடிவிட்டாள். நீ எழுதவில்லை என்றால் சித்தப்பா பெண்ணைக் கூப்பிட்டு எழுத வைப்பேன், அவள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள் என்றேன். எழுதுகிறாள்.

ஊமை என்று அவளுக்குப் பேர் வைத்தவன் நீ. அவள் ஐந்தாவது படிக்கும்போது வைத்தாய். உன் கூட்டாளிகள், பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று அந்தப் பேர் அவளுக்கு முன்னால் போய் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்துகொண்டது. அவளுக்குப் பேச வரும். நாலு பேர் முன்னால் பேச வராது, அவ்வளவுதான். எழுந்து நின்று படி என்றால் நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள், மணி அடிக்கிற வரைக்கும் நிற்பாள். பத்தாவது பாஸ் செய்தாள். மேலே படிக்க வைக்கலாம் என்றேன். "பேசாத பொண்ணு பிளஸ் ஒன்னு படிச்சி இன்னா பண்ணப் போவுது? பேக்கிங் கம்பெனில சேத்து வுடறேன். அங்க வாயத் தொறக்கவே தேவையில்ல" என்றாய். நீயே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு, பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி வந்து சாப்பிட்டாய். ஒரு நாள் அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. அடையாள அட்டை கழுத்தில் தொங்க, கொட்டகைக்கு நடந்து வந்து, வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் நெல் மூட்டை, முன்னால் அவள். நான் சாப்பாட்டைத் தட்டில் போட்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். நீ போனில், "பேஜாரு பண்றா. சேத்து வுட்ட எம் மானம் போவுது" என்றாய். உன் மானம் பேக்கிங் கம்பெனியில் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உட்கார்ந்திருந்தவள் சும்மா இருக்கவில்லை. முதலில் ஒரு துணியால் ஸ்டீயரிங்கைத் துடைத்தாள். பிறகு மூட்டைகளை இறக்கி வீட்டுக்குள் வைத்தாள். சீட்டைக் கழற்றினாள். உள்ளே எலிக்கூடு, தேங்காய் நார், கூடை கூடையாகப் பதர். சீட்டுக் கம்பிக்கு அடியில் சிக்கியிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். சின்னப் பையன் செருப்பு, ஒரு கால். எலி வாரைத் தின்றிருந்தது. உன்னுடையதுதான். ரோட்டில் விழவே இல்லை. உன் நைனா அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு சூலூர்பேட்டை வரைக்கும் அதைத் தேடிப் போயிருக்கிறார். அன்றைக்கு நான் அழுதேன். உனக்காக இல்லை, அவருக்காக. செருப்பை எறியவில்லை. பாப்பா கழுவி, வண்டிக்குள் முன்னால் இருக்கிற டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

தரை முழுக்க ஓட்டை. புதுவாயலில் லாரிக்கு வெல்டிங் வைக்கிற பாய் வந்து பார்த்துவிட்டு, "இன்னாமா, காரா இது, வலையா? இதுல மீன்தான் புடிக்கலாம்" என்றார். கம்பெனிகளில் கழித்துக் கட்டுகிற ஆயில் பேரலை வாங்கி வெட்டி, தட்டி நிமிர்த்தி அடித்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். பேரலை வெட்டி நாங்கள் இரண்டு பேரும் கொட்டகையில் உட்கார்ந்து தட்டினோம். அவர் வந்து பற்ற வைத்தார். கால் வைக்கிற இடத்தில் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் பேரலில் இருந்த நீல எழுத்து இன்னும் தெரியும். முதல் தடவை அவள் அடித்த பெயின்ட் அப்பளம் மாதிரி கொப்பளித்து உரிந்தது. அடியில் பூசிய பட்டி காய்வதற்குள் அடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடை அடித்தாள். அதற்கு மேல் வேறு கலர் அடிக்க வேண்டாம், இதுவே நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. எனக்கும்தான். நீ அதைப் பார்த்துவிட்டு, "கேட்டுக்கு சக்கரம் வெச்ச மாதிரி கீது" என்றாய். இருக்கட்டும். கேட் என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிட முடியாது.

இஞ்சின் இறுகிப் போயிருந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த மெக்கானிக் பிளக்கைக் கழற்றி ஆயிலை ஊற்றி ஊறப் போட்டுவிட்டு, கியரில் போட்டுத் தினமும் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், விட்டால் விடும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பால் கறந்ததும் நானும் அவளும் தள்ளுவோம். நான் உன்னைத் திட்டிக்கொண்டே தள்ளுவேன். திட்டினால் பலம் வருகிறது. அவள் வாயை மூடிக்கொண்டு தள்ளுவாள். வண்டி ஒரு விரல் அசையாது. ஒரு நாள் உள்ளே ஏதோ ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம், வண்டி நகர்ந்துவிட்டது, நான் மண்ணில் விழுந்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. மெக்கானிக் திரும்ப வந்து கார்பரேட்டரைப் பார்த்து, புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்தபோது, புகைக்குழாயிலிருந்து முதலில் வந்தது புகை இல்லை, உமி. எலி அதற்குள்ளும் சேர்த்து வைத்திருந்தது. கோழியெல்லாம் சிதறி ஓடின. பிறகுதான் புகை வந்தது. இப்போது வண்டி என் பேரில் இருக்கிறது, காகிதமெல்லாம் புதுப்பித்தாயிற்று. அவளும் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நைனாவுக்குக் கடைசிவரை வராத ரிவர்ஸ் அவளுக்கு வருகிறது. கோயிலைச் சுற்றாமல் நேராகக் கொட்டகைக்குள் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்துகிறாள்.

இதில் நீ எங்கே இருந்தாய் என்று தேடிப் பார். ஒரு வரியில்கூட இல்லை. அப்படியிருக்க, பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்த அன்றைக்கு நடந்ததை எழுதச் சொல்கிறேன். நான் அடுப்படியில் இருந்தேன், ஜன்னல் கொட்டகைப் பக்கம் திறந்திருந்தது, நீ அதைக் கவனிக்கவில்லை. பெண்ணின் பெரியப்பா வண்டியைத் தட்டிப் பார்த்து, "பரவால்லியே மாப்ளே, நீங்களேவா ரெடி பண்ணீங்க?" என்றார். நீ கூச்சப்படுகிற மாதிரித் தலையைச் சொரிந்துகொண்டு, "ஆமா மாமா, லீவ் நாள்ல வந்து கொஞ்சம் கொஞ்சமா பண்ணேன். நைனா நெனப்பா இருக்கட்டுமேன்னு" என்றாய். என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அவர் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று பின்னாலே வந்து இடது கதவை இழுத்தார். வரவில்லை. நீ இழுத்தாய். வரவில்லை. "கொஞ்சம் டைட்டா கீது மாமா" என்று காலை உதைத்துக்கொண்டு இழுத்தாய். உன் கிரேன் கொக்கி கோணலாக்கிய கதவு அது. வெளிக் கைப்பிடி அன்றையிலிருந்து செத்துப் போயிற்று, உள்ளேயிருந்துதான் திறக்கும். அந்த வண்டியில் ஒரு நாள் வேலை செய்தவனுக்குக்கூட அது தெரியும். உனக்குத் தெரியவில்லை.

பாப்பா டீ தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். உன் முகம் சிவந்து போவதைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, முன்கதவைத் திறந்து ஏறி, எட்டி உள்ளேயிருந்து அந்தக் கதவைத் தள்ளிவிட்டாள். இறங்கி வந்து மறுபடியும் தட்டை எடுத்துக்கொண்டாள். உன் மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தாள். பெரியப்பாவின் சம்சாரம் அவளை மேலும் கீழும் பார்த்தது. நகக் கண்ணில் சிவப்புப் பெயின்ட், பழைய நைட்டி. "இந்தப் பொண்ணு வேலைக்கு இருக்குதா?" என்று கேட்டது. அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை, தெரியாமல் கேட்டது. நீ என்ன சொன்னாய்? ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தாய். சிரித்துவிட்டு, "டீ எடுத்துக்கோங்க அத்தை" என்றாய். பாப்பாவை ஊமை என்று சொல்கிறாயே, பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது யார்? நான் அன்றைக்கே வெளியே வந்து கேட்டிருப்பேன். வந்தவர்கள் முன்னால் பெண் கொடுக்கிற வீட்டைக் கலைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கையில் இருந்த கரண்டியைத்தான் கீழே போட்டேன். "இன்னாம்மா சத்தம்?" என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாய். ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லாமல் இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். அதற்காக ஒரு வார்த்தை சொல்கிறேன், கேட்டால் கேள். தங்கை செய்ததை நான் செய்தேன் என்று சொல்கிறவன், நாளைக்குப் பெண்டாட்டி செய்ததையும் நான் செய்தேன் என்பான். அந்தப் பெண் உன் வீட்டுக்கு வந்து, சமைத்து, சம்பாதித்து, பிள்ளை பெற்று வளர்த்து வைப்பாள். நீ நாலு பேர் நடுவில் தலையைச் சொரிந்துகொண்டு எல்லாம் நான் பண்ணினது என்பாய். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதை அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. இந்தக் கடிதத்தில் இன்னொரு படி எழுது, மணவாள நகருக்குத் தபாலில் போடலாம் என்றேன். பாப்பா முடியாது என்றாள். "அண்ணன் கல்யாணம்மா" என்றாள். இரண்டாவது படி இல்லை. நீ தப்பித்தாய். யாரால் தப்பித்தாய் என்று மட்டும் தெரிந்துகொள்.

உன் லாரி வருகிறது என்றதும் எனக்குப் பழைய யோசனைதான் வந்தது. மூட்டையை மறுபடியும் வண்டியில் ஏற்றி நிரப்பிவிட்டால் எவன் தொடுவான் என்று, அவளைக் கூப்பிட்டு ஏற்றுடி என்றேன். அவள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா. ஓடற வண்டிய நெல்லு போட்டு நிறுத்தாத. நெல்ல ஏத்திக்கினு ஓட்டலாம்" என்றாள். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவள் சொன்னபடிதான் நடக்கப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை நாற்றங்கால் விதைக்கிறோம். விதைக்கிற நாளில் விதை வாசல் தாண்டலாம். முளை கட்டிய மூட்டைகள் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி நிலத்துக்குப் போகும். அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்காருவேன். உன் லாரி வந்தால் கொட்டகை காலியாக இருக்கும். மாடு இருக்கும், வேண்டுமானால் அதை ஏற்றிக்கொண்டு போய்க் கிரீம் கலர் அடி.

இனி உன் கல்யாணம். நீயே உன் மாமனாருக்குப் போன் போட வேண்டும். அந்தப் பெரியப்பாவும் அவர் சம்சாரமும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். வண்டியைச் சரி செய்தது நான் இல்லை, டீ கொண்டு வந்த பெண் வேலைக்காரி இல்லை, என் தங்கை, செய்தது அவள்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னாயா இல்லையா என்று நான் உன்னைக் கேட்க மாட்டேன், சம்பந்தியைத்தான் கேட்பேன். சொல்லவில்லை என்றால், நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறி வருவோம். பெற்ற கடனுக்கு அட்சதை போடுவோம், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம். மாப்பிள்ளை அழைப்புக்கு நீ வாடகைக்கு எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள். சொன்னால் வண்டி வரும். இதே சிவப்பில்தான் வரும். அதன் மேல் ஒரு சொட்டுக் கிரீம் படக் கூடாது. பூ சுற்றிக்கொள், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி வந்தால் நீ பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். அது குறைச்சல் என்று நினைக்காதே, இத்தனை வருஷம் விதை நெல் உட்கார்ந்த இடம். வலது பக்கம் ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருக்கும், இடது பக்கமாகத்தான் ஏற வேண்டும். பட்டு வேட்டியும் மாலையுமாக, எதிரே கேமராக்காரன் நிற்க, நீ எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கதவு வராது. சரி செய்து தருகிறேன் என்று புதுவாயல் பாய் சொன்னார். வேண்டாம், அது என் மகன் செய்த வேலை, அப்படியே இருக்கட்டும் என்றேன். உள்ளேயிருந்து அவள் கையை நீட்டினால்தான் திறக்கும். கூப்பிட்டால் திறப்பாள். நீ வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்குக் காது கேட்காது, அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன். நாங்கள் வைத்த பேரைச் சொல்லி, நாலு பேர் கேட்கக் கூப்பிட வேண்டும். அது உனக்கு மறந்து போயிருக்கும். அதனால் என் கையெழுத்துக்கு முன்னால், அவள் பேரை அவள் கையாலேயே எழுத வைத்திருக்கிறேன். வெட்கப்பட்டுக்கொண்டு ரொம்பச் சின்னதாகத்தான் எழுதியிருக்கிறாள். கண்ணைத் திறந்து பார்.

கோமதி.